குடிக்கிப் போனவன் வழக்கு

திருத்தணியில் தானியேல் மேஜிஸ்ட்ரேட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் பாதி மொட்டை வழக்குதான் வரும். அதைச் சொல்லாமல் மேலே போனால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு முடி இறக்க வருகிற கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். வந்த ஆள் பக்கத்தில் இன்னொருவரிடம் போய்விடக் கூடாதே என்று, நாவிதர் பங்காரு ஒரு தலையில் பாதியை இறக்கிவிட்டு, தோ வந்துட்டேன் உக்காருங்க என்று அடுத்த தலையைப் பிடித்துக்கொள்வார். பாதி போன தலை எங்கே ஓடும்? அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து வெயிலில் வெந்துபோன ஒரு மெட்ராஸ்காரர், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே கோர்ட்டுக்கு வந்துவிட்டார். இதை என்ன குற்றம் என்று எழுதுவது எனக் குமாஸ்தா விழிக்க, தானியேல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தத் தலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாராம். அறையில் போட்டுப் பூட்டினால்தான் அடைத்துவைத்ததா, பாதித் தலையோடு விட்டால் மனுஷன் எந்தத் தெருவில் நடமாடுவான், ஆகவே இதுவும் சட்டவிரோதமாக அடைத்துவைத்ததுதான் என்று தீர்ப்பு. மீதியைக் கோர்ட்டுத் தாழ்வாரத்திலேயே இறக்கி முடிக்க வேண்டும் என்பது தண்டனை. தலை குளிர்ந்ததும் மெட்ராஸ்காரருக்குக் கோபமும் குளிர்ந்து, பங்காருவோடு பேசிக்கொண்டே மலையேறப் போய்விட்டார்.

அடுத்தது ஜட்கா குதிரை வழக்கு. மலைப்பாதையின் அடியில் குதிரை நின்றுகொண்டு நகராமல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததாக வண்டிக்காரர்மேல் போலீஸ் கேஸ் போட்டது. தானியேல் கோர்ட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப்போய், கேஸ் போட்டவரையே அந்தக் குதிரையை நகர்த்தச் சொன்னார். அவர் தள்ளினார், இழுத்தார், கடைசியில் வெல்லம்கூட வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். குதிரை வெல்லத்தைத் தின்றுவிட்டு நின்றது. குற்றம் செய்தது குதிரை, அதற்கு இன்னும் சம்மன் போகவில்லை என்று எழுதி வழக்கை முடித்தார்.

இந்த மனுஷர் சட்டம் படித்தவரா என்றால் அதுதான் இல்லை. மணவூரில் பிறந்தவர். அப்பா ஏசுவடியான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தாத்தா காலத்தில் சேரியிலிருந்து வேதத்தில் சேர்ந்த குடும்பம். தானியேல் ரயில்வேயில் தந்தி அடிக்கச் சேர்ந்து, படிப்படியாக ஸ்டேஷன் மாஸ்டராகி, ரிடையரானதும் திருத்தணியில் ஒரு ஓட்டு வீடு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. சில்லறை வழக்குகளை விசாரிக்க, ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆளாகப் பார்த்துச் சம்பளமில்லாத மேஜிஸ்ட்ரேட்டாகப் போடுகிற வழக்கம் இருந்தது. 1943-இல் அந்தக் கோட்டு தானியேல் தோளில் விழுந்தது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி கேட்கிற வியாதி. தீர்ப்புக்கு வேண்டியதெல்லாம் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். மாடு திருடியவன் ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குக் கிளம்பி நிற்பான், இவர் அவனை நிறுத்தி, ஏம்பா, அந்த மாடு ராத்திரியில கத்தாம எப்படிடா ஓட்டிக்கினு போன என்று கேட்பார். ஒங்களுக்குக் கோர்ட்டு எதுக்குங்க, கேள்வி கேக்க ஒரு மேஜை போட்டுக் குடுத்தா போதுமே என்று அவர் சம்சாரம் தபிதாள் கிண்டல் செய்வாள்.

இந்த வியாதிதான் சுப்பன் வழக்கில் அவரைக் கொண்டுபோய் மாட்டிவைத்தது.

1947 தை மாதம். மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த சமயம். திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில், லைனை ஒட்டி ஒரு கிராமம். பேர் வேண்டாம், அந்த ஜனங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊர்நடுவே அம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் ஈச்சந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் ரயில் பாதை. தோப்பில் திருட்டுக் கள் இறக்குகிறார்கள் என்று தகவல் வந்து ஏட்டு ராஜமாணிக்கம் பட்டப்பகலில் ஒளிந்திருந்தார். உச்சி வெயிலில் ஒரு ஆள் தலைதெறிக்கத் தோப்புக்குள் ஓடிவந்தான். பிடித்தார். ரயில்வேயில் கேங்மேனாக வேலை பார்க்கிற சுப்பன். எங்கேடா போய்விட்டு வருகிறாய் என்று ஒரு அறை விட்டுக் கேட்டதும், குடிக்கிப் போனேன் என்று சொல்லிவிட்டான். கேஸ் முடிந்தது என்று ஏட்டு அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ராஜமாணிக்கம் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர், காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார்.

கூண்டில் நின்ற சுப்பனைப் பார்த்ததுமே தானியேலுக்கு ஏதோ உறுத்தியது. உள்ளே வரும்போது அவன் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். குமாஸ்தா குற்றச்சாட்டைப் படித்தார், தோப்பில் கள் குடித்ததாக. அதைக் கேட்டதும் சுப்பன் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான். தானியேல் தம் வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார், குற்றச்சாட்டைக் கேட்டு நிம்மதியடைந்தவனைப் பார்த்ததில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"ஆங், போனேங்க" என்றான் சுப்பன்.

"குடிச்சியா?"

"போனேங்க, சாமி."

வேறு எதைக் கேட்டாலும் அதே பதில். குடித்த கேஸில் தண்டனையானால் ரயில்வேயில் உன் சீட்டு கிழியும், லைன் ஓரத்தில் கொடுத்திருக்கிற குடிசையும் போகும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று தலையாட்டினான். கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றதற்கு, சம்சாரம் எல்லம்மாள், காய்ச்சலில் கிடக்கிறாள் என்றான். சாட்சிகளை மத்தியானத்துக்கு மேல் விசாரிப்பதாகச் சொல்லிவிட்டு தானியேல் சாப்பிடப் போனார்.

இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே தமக்குள் பேசிக்கொண்டிருந்தார். சுப்பன் வீட்டில் தெலுங்குதான் பேசுவான், தமிழ் அவனுக்கு அரைகுறை. அறை வாங்கிப் பதறிப்போன மனுஷன் வாயில் சொந்த பாஷைதானே வரும்? குடிப்பதற்குத் தெலுங்கில் 'தாகு' என்றல்லவா சொல்வான். 'குடிக்கி' என்று எப்படி வந்தது? தபிதாள் குழம்பு ஊற்றினாள், அவர் கவனிக்கவில்லை. ஊரே திரண்டு வந்து மேலே விழுந்தாலும் இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தைதான் பெரிசு என்று முணுமுணுத்துவிட்டு, சாயந்தரம் ஜெபக்கூட்டம் இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள், ரெண்டு பேருமாகக் கோயிலுக்குப் போகலாம் என்றாள். வேதக்காரர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதானே சொல்வார்கள்.

வாய்க்குப் போன கவளம் அப்படியே நின்றது. கோயிலுக்கு. தெலுங்கில் 'குடி' என்றால் கோயில். 'குண்டு' என்று சொல்லும்போது முதல் எழுத்தை எப்படி அழுத்துகிறோமோ அப்படி அழுத்திச் சொல்வார்கள். 'குடிக்கி' என்றால் கோயிலுக்கு. தஞ்சாவூர்க் காது அதைக் குடிக்க என்று வாங்கிக்கொண்டது. சுப்பன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

தானியேலுக்கு முதலில் குபுக்கென்று சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் அது நின்றுவிட்டது. சேரியில் பிறந்தவன் ஊர்க்கோயிலுக்குள் போயிருக்கிறான். அந்த ஊரில் முந்தின வருஷம் தேர்வடத்தைத் தொட்டுவிட்டான் என்று ஒருவனை மரத்தில் கட்டிவைத்து அடித்து, அவன் குடிசையைக் கொளுத்தி, குடும்பத்தையே எல்லை தாண்டி விரட்டினார்கள். செய்வித்தவர் மணியக்காரர் பக்தவச்சலம். கோயில் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். ஊர் அதிகாரி என்ற முறையில் இந்தக் கேஸில் ரெண்டாவது சாட்சியும் அவர்தான். கள் குடித்தவன் என்றால் வேலை போகும், கோயிலுக்குப் போனவன் என்றால் குடிசை எரியும். அதனால்தான் அந்த நிம்மதிப் பெருமூச்சு. தானியேல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவினார். இதே மாதிரி ஏதோ ஒரு கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்தான் அவருடைய தாத்தாவும். எத்தனை கோட்டுப் போட்டாலும் பக்தவச்சலம் கண்ணுக்குத் தாம் யாருடைய பேரன் என்பது தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

மத்தியானம் கோர்ட்டு கூடியது. சாட்சியாக வந்த பக்தவச்சலத்தை, முறை வரும்வரை வெளியே புளியமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். ராஜமாணிக்கம் நடந்ததைச் சொன்னார். பிடித்தபோது கையில் பானை இருந்ததா? இல்லை. தோப்பில் கள் அகப்பட்டதா? அன்றைக்கு இல்லை. வாயில் வாடை? ஏட்டு யோசித்து, ஓடிவந்த வேகத்தில் அதைக் கவனிக்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். ஆனால் இவன் ஒப்புக்கொண்டதுதான் பெரிய சாட்சி என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

"அய்யா, மணியக்காரரை உள்ளே கூப்பிடுங்க. அவருக்குத் தெலுங்கு நல்லா வரும். அன்னைக்குச் சொன்னதை இவன் வாயாலேயே அவர் முன்னால மறுபடி சொல்லட்டும். ஒரு எழுத்து மாறினாலும் நான் கேஸை விட்டுடறேன்" என்றார்.

சேவகர் பக்தவச்சலத்தைக் கூப்பிட வாசலுக்குத் திரும்பிவிட்டார். சுப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் உதடு அசைவதைத் தானியேல் பார்த்தார். பயந்த மனுஷன் கேட்டதைச் சொல்லித் தொலைத்துவிடுவான்.

"யாரையும் கூப்பிட வேணாம். சுப்பா, நீ வாயத் தெறக்காத" என்றார். அந்தக் குரலில் அவர் கோர்ட்டில் பேசி யாரும் கேட்டதில்லை. ஸ்டேஷனில் வண்டி வரும்போது தண்டவாளத்தில் இறங்கியவனை அதட்டுகிற குரல் அது. சேவகர் கால் தூக்கியபடி நின்றுவிட்டார்.

பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, ஏட்டையா சொல்வதையே அட்சரத்துக்கு அட்சரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். குடிக்கப் போனேன் என்று சொன்னான். சரி. குடித்தேன் என்று சொன்னானா? இல்லை. காலையிலிருந்து இந்தக் கோர்ட்டிலும் போனேன், போனேன் என்றுதான் சொல்கிறான். போவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

"முப்பது வருஷம் ஸ்டேஷன்ல நின்னவன் நான். பிளாட்பாரத்துக்கு வந்தவனெல்லாம் ரயில் ஏறினவன் ஆகமாட்டான்" என்றார். "விடுதலை. அடுத்த கேஸ்."

ஒரு வார்த்தையின் அர்த்தத்தை எழுதாமலே அந்தத் தீர்ப்பை எழுதினார். சுப்பன் கூண்டைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வாசலில் பக்தவச்சலத்தைத் தாண்டி, குனிந்த தலை நிமிராமல் ஓடினான். மரத்தடியில் வெயில் தின்ற பக்தவச்சலம், ஒரு சாட்சியைக்கூட விசாரிக்கத் தெரியாத கோர்ட்டு என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஊர் வாயை மூட முடியுமா? தானியேல் மேஜிஸ்ட்ரேட் கள்ளுக்காரன் பக்கம் என்று ஒரு கட்சி. அவரே சாயந்தரமானால் ரெண்டு மொந்தை போடுகிறவர் என்று இன்னொரு கட்சி. போலீஸிலிருந்து மேலே புகார் போனது. மேஜிஸ்ட்ரேட்டுப் பட்டியலில் அவர் பேர் அடுத்த தடவை வராது என்று தாலுக்கா கச்சேரியில் பேசிக்கொண்டார்கள், சொன்னபடியே வரவும் இல்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மாள், வழிதவறிப்போன எங்கள் மேஜிஸ்ட்ரேட்டுக்காக என்று வாய்விட்டு ஜெபம் செய்ததுதான் தபிதாளைக் கொன்றுவிட்டது. ஏங்க இப்படிப் பண்ணீங்க, எனக்காவது சொல்லக் கூடாதா என்று கேட்டு அழுதாள். சொன்னால் ஒரு காது ரெண்டு காதாகும், ரெண்டு நாலாகும், நாலாவது காது பக்தவச்சலத்தினுடையதாக இருக்கும். பேசாமல் இருந்தார். அவருக்கும் ஒரு கேள்வி பாக்கி இருந்து உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. உயிரைப் பணயம் வைத்து அந்த மனுஷன் ஏன் உள்ளே போனான்?

அந்த வருஷமே சட்டம் வந்தது. எந்தக் கோயிலிலும் யாரையும் சாதி சொல்லி நிறுத்தக் கூடாது என்று. மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்து, பெரிய அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைத் திறந்துவிட்டார்கள். பக்தவச்சலம் சாவியைக் கொடுத்துவிட்டு உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார் என்று கேள்வி. கோயில் திறப்பதற்கு முந்தின நாள் சாயந்தரம் சுப்பன் தானியேல் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தார். உட்காரவே கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது சொல்லலாமா என்று கேட்டான். சொல்லு என்றார் தானியேல். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட வேகத்தைப் பார்த்துத் தபிதாளும் கதவோரம் வந்து நின்றாள்.

எல்லம்மாள் அந்தத் தை மாதம் விஷ ஜுரத்தில் கிடந்தாளாம். பிழைக்கமாட்டாள் என்று நாட்டு வைத்தியர் கையை விரித்துவிட்டார். திருவிழாவுக்குப் பறை அவர்கள் தெருவிலிருந்துதான் போகும், கோழியும் போகும், வெளியே வருவது கரகம் மட்டும். உள்ளே இருக்கிற அம்மன் முகம் அவர்கள் யாருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து கும்பிட்ட சாமி எப்படி இருப்பாள் என்று தெரியாமலே போகிறேனே என்று ஜுர வேகத்தில் எல்லம்மாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சுப்பனுக்குத் தாங்கவில்லை. பூசாரி சாப்பிடப் போன உச்சிவேளையில் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"பாத்தியா?" என்றார் தானியேல்.

"எங்கங்க. வெயில்லேர்ந்து உள்ள போனவன் கண்ணுக்கு ஒரே இருட்டு. வெளக்கு அணைஞ்சி கெடந்துச்சி. ஆள் சத்தம் கேட்டுது, ஓடியாந்துட்டேன்."

விடுதலையாகி வீட்டுக்குப் போனதும் அவள் கேட்ட முதல் கேள்வி, அம்மவாரு எப்படி இருக்கிறாள் என்பதுதான். சுப்பனுக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். ஒன்ன மாதிரியேதாண்டி இருக்குது என்று. அதைக் கேட்டுவிட்டு அவள் தூங்கினாள், ஜுரமும் விட்டது. அன்றையிலிருந்து அவள் நடையே வேறு. தலைவாரிப் பூ வைப்பதென்ன, கிணற்றடியில் நிமிர்ந்து பேசுவதென்ன. நாளைக்கு முதல் ஆளாக அவள் உள்ளே போகப்போகிறாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னை என்ன கேட்பாள், பொய் சொன்னதற்கு என்ன தண்டனை சாமி என்று கேட்டுவிட்டு சுப்பன் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

தானியேல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவோரம் தபிதாள் அழுதுகொண்டிருந்தாள். ஏழு மாதமாகப் புருஷன் எதைச் சுமந்தார் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள்தான் வெளியே வந்து, போகட்டும் அண்ணா, தடுக்காதீங்க, அவங்க கண்ணால அவங்க பாக்கட்டும் என்று சொல்லி சுப்பனுக்குக் காப்பி கொடுத்தாள்.

கோயில் திறந்து ரெண்டு நாள் கழித்து புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். எல்லம்மாள் கறுப்பாக, ஒடிசலாக, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தாள். தபிதாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். சுப்பன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை, ரெண்டு நாளாக அவள் எதுவும் சொல்லவில்லை, அவனும் கேட்கப் பயந்துகொண்டு ரெண்டு வேளை சாப்பிடவில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

தானியேலுக்குத்தான் அந்த வியாதி உண்டே. கேட்காமல் இருக்க முடியுமா?

"உள்ள போனியாம்மா?"

"ஆங், போனேங்க."

"வெளிச்சம் இருந்துதா? அம்மன் தெரிஞ்சாளா?"

"பெரிய வெளக்கா ஏத்தி வெச்சிருந்தாங்க. நல்லா தெரிஞ்சுது. அவசரமில்லாம நின்னுகினு பாத்தேன்."

சுப்பன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தானியேலிடம் சொன்னாள்:

"அவரு சொன்னது நெசந்தாங்க. என்ன மாதிரியேதான் இருக்குது. மூக்குத்தி மட்டுந்தான் எங்கிட்ட இல்ல."